கண்ணாடி ஈடர் வாத்து: மூன்றரை லட்சம் பறவைகள் இருந்தும் அச்சுறுத்தலுக்குள்ளான இனம் என்று அறிவித்தது ஏன்?

கொண்டலாத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி இயற்கை மன்றத்தின் கையெழுத்து இதழுக்காக, வடதுருவப் பகுதியில் வாழும் முக்குளிக்கும் வாத்துகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஈடர் வாத்துகள் நான்கு இனங்கள் என்றும், அவற்றில் கண்ணாடி ஈடர் அலாஸ்காவிலும் ரஷ்யாவின் வடகிழக்குக் கரையிலும் மட்டுமே கூடு கட்டுகிறது என்றும் படித்தேன். சேவலின் வெளிர்பச்சைத் தலையில் கண்ணைச் சுற்றி வெண்மையான வட்டமும், அதற்குக் கருங்கோட்டு விளிம்பும் அமைந்து, மூக்குக்கண்ணாடி அணிந்ததுபோலவே தோன்றும் படங்களை மாணவர்கள் மிகவும் விரும்பிப் பார்த்தார்கள்.

கட்டுரையில் எனக்குத் தீராத ஐயம் ஒன்று இருக்கிறது. அலாஸ்காவின் யூகான்–குஸ்கோக்விம் கழிமுகத்தில் 1970-களில் ஏறத்தாழ 48,000 இணைகள் இருந்த இந்தப் பறவை 1992-க்குள் 2,000 இணைகளுக்கும் கீழே போய்விட்டதாகவும், அதனால் 1993-இல் அமெரிக்க அரசு இதனை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்ததாகவும் ஓரிடத்தில் படித்தேன். ஆனால், அடுத்த சில ஆண்டுகளிலேயே, அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள பெரிங் கடலின் பனிக்கு நடுவே மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் கண்டுபிடிக்கப்பட்டன என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. அவ்வளவு பறவைகள் இருந்தன என்றால், முன்பு சொன்ன வீழ்ச்சி தவறான கணக்கா? அறிவிப்பைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டாமா? மாணவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இரண்டாவதாக, கடல் உறைந்து கிடக்கும் மாதங்களில், கரையிலிருந்து அவ்வளவு தொலைவில், ஒரு வாத்து எதைத் தின்று எப்படி உயிரோடு இருக்கிறது என்பதையும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


ஆட்காட்டி எழுதியது:

வணக்கம் அம்மா. நீங்கள் படித்த இரண்டு செய்திகளும் உண்மையே. அவை வெவ்வேறு பறவைக் கூட்டங்களைப் பற்றிப் பேசுகின்றன என்பதால்தான் முரண்படுவதுபோலத் தோன்றுகின்றன.

கண்ணாடி ஈடர் மூன்று இடங்களில் இனப்பெருக்கம் செய்கிறது. முதலாவது நீங்கள் சொன்ன கழிமுகம். இரண்டாவது அலாஸ்காவின் வடக்குக் கரைச் சமவெளி. மூன்றாவது, சௌன் வளைகுடாவிலிருந்து கோலிமா, இண்டிகிர்கா ஆறுகளின் கழிமுகங்களைக் கடந்து மேற்கே யானா ஆறு வரை நீளும் ரஷ்ய ஆர்க்டிக் கரை. மொத்தப் பறவைகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ரஷ்யாவில்தான் கூடு கட்டுகின்றன. கோடையில் இவை எங்கெங்கே இருக்கின்றன என்பது ஓரளவு தெரிந்திருந்ததே தவிர, குளிர்காலத்தில் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது 1990-களின் நடுப்பகுதி வரை எவருக்கும் தெரியாது. 1847-இல் பிராண்ட் என்னும் அறிஞர் இந்த இனத்துக்கு அறிவியல் பெயரிட்டதிலிருந்து கணக்கிட்டால், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தப் பறவையின் பாதி வாழ்க்கை அறிவியலுக்கு மறைந்தே இருந்திருக்கிறது.

வீழ்ச்சி தெரிந்தபின் அமெரிக்க மீன், வனவுயிர்த் துறையைச் சேர்ந்தவர்கள் சில பறவைகளின் உடலுக்குள் சிறிய அலைபரப்பிகளைப் பொருத்தி, செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்தார்கள். 1995-இன் குளிர்காலத்தில் ஓர் அலைபரப்பியிலிருந்து வந்த சமிக்ஞை, பெரிங் கடலில் உள்ள செயின்ட் லாரன்ஸ் தீவுக்குத் தெற்கே, பனி மூடிய நடுக்கடலைக் காட்டியது. அந்த இடத்துக்கு விமானத்தில் சென்று பார்த்தபோது, பனிப்பாளங்களுக்கு இடையே திறந்திருந்த நீரில் ஆயிரக்கணக்கான ஈடர்கள் நெருக்கியடித்துக்கொண்டு மிதந்தன. அதன்பின் வானிலிருந்து படமெடுத்து எண்ணியதில் கிடைத்ததுதான் நீங்கள் குறிப்பிடும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கை. உலகத்தில் உள்ள கண்ணாடி ஈடர்கள் ஏறக்குறைய அனைத்தும், மூன்று இனப்பெருக்கப் பகுதிகளைச் சேர்ந்தவையும், அந்த ஒரே இடத்தில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

அப்படியானால் கழிமுகத்தில் பறவைகள் குறைந்ததைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும், ரஷ்யாவிலிருந்து வந்து நிரப்பிக்கொள்ளாதா என்று மாணவர்கள் கேட்கலாம். பெரும்பாலும் நிரப்பிக்கொள்ளாது என்பதே விடை. பேடு தான் பிறந்த பகுதிக்கே திரும்பி வந்து கூடு கட்டும் இயல்புடையது. சேவலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குளிர்காலக் கூட்டத்தில் இணை சேர்ந்தபின், பேடு எந்தக் கரைக்குப் போகிறதோ அந்தக் கரைக்கு அதுவும் பின்தொடர்ந்து போகும். தாய்வழியில் மட்டும் கடத்தப்படும் மரபணுக்களை ஆராய்ந்தால் மூன்று பகுதிகளுக்கும் வேறுபாடு தெரிவதும், இருவழியிலும் கடத்தப்படும் மரபணுக்களில் அவ்வளவாகத் தெரியாததும் இதனால்தான். ஆகவே, கழிமுகத்துப் பேடுகள் அழிந்தால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். சைபீரியாவில் மூன்று லட்சம் பறவைகள் நலமாக இருப்பது அந்தக் கழிமுகத்துக்கு உதவாது.

இன்னொன்றையும் கட்டுரையில் அழுத்தமாக எழுதுங்கள். ஓர் இனத்தின் பறவைகள் அனைத்தும் ஒரே கடற்பரப்பில் ஒன்றுகூடுவது, எண்ணிக்கை பெரிதாக இருந்தாலும் ஆபத்தான நிலைதான். ஓர் எண்ணெய்க் கசிவோ, உணவு வற்றிப்போன ஒரு குளிர்காலமோ மூன்று கூட்டங்களையும் ஒரே நேரத்தில் தாக்கிவிடும். 2001-இல் இந்த இனத்துக்கான இன்றியமையா வாழிடங்களை வரையறுத்தபோது, கூடு கட்டும் நிலத்தோடும் இறகுதிர்க்கும் வளைகுடாக்களோடும் இந்தக் குளிர்காலக் கடற்பரப்பும் சேர்க்கப்பட்டது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.


தாழைக்கோழி எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். கடல்சார் உயிரியல் படித்தவன் என்பதால் பறவையை விட அதன் அடியில் இருக்கும் கடல்தான் எனக்கு முதலில் கண்ணில் படும்.

செயின்ட் லாரன்ஸ் தீவு ஏறத்தாழ 63 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. நடுக்குளிர்காலத்தில் அங்கே பகல் நான்கைந்து மணி நேரம்தான். வடக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்று தீவின் தென்கரையில் உறையும் பனியைத் தெற்கே தள்ளிக்கொண்டே போவதால், அப்பகுதியில் கடல் முழுவதுமாக மூடிக்கொள்வதில்லை. பாளங்கள் நகரும்போது இடையிடையே நீர் வெளிப்படுகிறது. பறவைகளின் உடல்சூடுதான் அந்த நீரை உறையாமல் வைத்திருக்கிறது என்று சில கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான பறவைகள் இடைவிடாமல் அசைவதால் ஒரு சிறிய திறப்பு உறைவது தாமதப்படலாம். ஆனாலும், திறப்பை உண்டாக்குவது காற்றும் நீரோட்டமும்தான். மாணவர்களுக்கு அந்த வரிசையில் சொல்வதே நல்லது.

அந்த இடத்தில் கடலின் ஆழம் 40 முதல் 70 மீட்டர் வரை. ஈடர் ஒவ்வொரு முறையும் அத்தனை ஆழம் மூழ்கி, இருண்ட சேற்றுத் தரையில் புதைந்திருக்கும் மட்டிகளை எடுக்கிறது. ஒரு மட்டியின் நீளம் சுமார் 2 செ.மீ. அதை உடைத்து உண்ணும் வசதி அதன் அலகுக்கு இல்லை. ஓட்டோடு அப்படியே விழுங்கிவிடுகிறது. தசை தடித்த அரைவைப்பை அந்த ஓட்டை நொறுக்கிப் பொடியாக்கியபின், உள்ளிருக்கும் சிறிதளவு சதையிலிருந்துதான் உடலுக்குச் சத்து சேர்கிறது. உறைநிலையை ஒட்டிய குளிரில் கிடந்த அந்த ஓட்டையும் அதனுள்ளிருக்கும் உப்புநீரையும் உடல்சூட்டுக்குக் கொண்டுவரவே கணிசமான ஆற்றல் செலவாகிவிடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பறவை எவ்வளவு குறுகிய வரவு செலவில் வாழ்கிறது என்பது புரியும். மட்டிகள் அடர்த்தியாகக் கிடக்கும் தரையில் மட்டுமே அந்தக் கணக்கு ஒத்துவரும். சற்றுத் தள்ளி, மட்டிகள் அருகிய இடத்தில் மூழ்கினால் செலவுதான் மிஞ்சும்.

உடலமைப்பும் இதற்குத் துணைசெய்கிறது. நெருக்கமான மென்தூவி காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கால்களுக்குச் சூடான குருதியைக் கொண்டுசெல்லும் நாளங்களும், குளிர்ந்த குருதியைத் திருப்பிக் கொண்டுவரும் நாளங்களும் ஒட்டி அமைந்திருப்பதால், சூடு பாதத்துக்குப் போய் வீணாகாமல் வழியிலேயே கைமாறி உடலுக்குத் திரும்பிவிடுகிறது. கடல்நீரோடும் மட்டியோடும் உள்ளே போகும் உப்பை, கண்களுக்கு மேலே உள்ள சுரப்பிகள் பிரித்து மூக்குத் துளை வழியாக வெளியேற்றுகின்றன.

இவ்வளவு மட்டிகள் அங்கே மட்டும் ஏன் என்றால், அதற்கும் பனிதான் காரணம். வசந்தத்தில் பனி உருகும் விளிம்பில் நுண்பாசிகள் ஏராளமாகப் பெருகும். நீர் மிகக் குளிர்ந்திருப்பதால் அவற்றை மேய வேண்டிய நுண்விலங்குகள் அப்போது குறைவு. மேயப்படாத பாசி அப்படியே அடித்தரையில் படிந்து மட்டிகளுக்கும் புழுக்களுக்கும் உணவாகிறது. கூடவே, அடிநீரில் கோடையிலும் நிலைத்திருக்கும் கடுங்குளிர், மட்டிகளுக்காக ஈடரோடு போட்டியிடக்கூடிய மீன்களைத் தெற்கிலேயே நிறுத்திவிடுகிறது. வால்ரஸும் சாம்பல் திமிங்கிலமும் அந்தப் பக்கம் மேய வருவது இந்தத் தரையின் வளத்தை நம்பித்தான்.


கொண்டலாத்தி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பேடு பிறந்த இடத்துக்குத் திரும்புவதும் சேவல் அதைப் பின்தொடர்வதும் என் ஐயத்தைத் தீர்த்துவிட்டன. ஆனால், குளிர்காலக் கடல் மூன்று கூட்டங்களுக்கும் பொதுவானது என்றால், கழிமுகத்துப் பறவைகள் மட்டும் ஏன் அந்த அளவுக்குச் சரிந்தன? காரணம் நிலத்தில்தானே இருக்க வேண்டும்? வேட்டையினால் என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் போதுமா?


நாமக்கோழி எழுதியது:

ஒரு வரியில் முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் கால்நடை மருத்துவர். நச்சேறிய நீர்ப்பறவைகளுக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் இருப்பதால், இந்தக் கேள்வியை அவ்வளவு எளிதாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. வேட்டை என்றதும் சுடப்பட்ட பறவைதான் நினைவுக்கு வரும். இங்கே குறி தவறிய குண்டுகளும், வேறு பறவைகளை நோக்கிச் சுட்ட குண்டுகளும் பல ஆண்டுகளுக்குப் பிறகு கொல்கின்றன.

வாத்து வேட்டைக்குப் பயன்படும் ஒரு தோட்டாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஈய ரவைகள் இருக்கும். பறவையின் மேல் படுவன சிலவே. மற்றவை குளத்தில் விழுகின்றன. சாதாரணச் சேற்றுக் குளத்தில் அவை காலப்போக்கில் ஆழப் புதைந்துவிடும். தூந்திரக் குளங்களில் மேற்சேற்றுக்கு அடியில் கெட்டியான மண்ணும் அதற்கும் கீழே நிலையாக உறைந்த நிலமும் இருப்பதால், ரவைகள் பல ஆண்டுகள் கழித்தும் மேல்மட்டத்திலேயே, வாத்தின் அலகுக்கு எட்டும் ஆழத்திலேயே தங்கிவிடுகின்றன. கோடையில் ஈடர்கள் ஆழ்கடலில் மூழ்குவதில்லை. ஆழமற்ற குளங்களில் தலையை முக்கி, அடிச்சேற்றைத் துழாவிப் பூச்சிகளின் புழுக்களையும் விதைகளையும் தேடுகின்றன. இரையோடு இரையாகவோ, அரைவைப்பைக்கு வேண்டிய மணற்கல் என்று எண்ணியோ ரவையையும் எடுத்துக்கொள்கின்றன.

அதன்பின் நடப்பதுதான் கொடுமை. மட்டி ஓட்டைப் பொடியாக்கும் அதே வலிமையான தசை, ரவையையும் கற்களோடு சேர்த்து அரைக்கிறது. இரைப்பையின் அமிலம் அதைக் கரைக்கிறது. ஈயம் குருதியில் கலந்ததும் நரம்புகளும் தசைகளும் தளர்கின்றன. குடலின் இயக்கம் நின்றுபோவதால், உணவு உள்ளே இருந்தும் பறவை பட்டினியால் மெலிகிறது. இறக்கைகள் தொங்கிப்போகும், கழிச்சல் பச்சை நிறமாக இருக்கும், மார்பெலும்பு கத்தி முனைபோலத் துருத்திக்கொண்டு நிற்கும். இறந்த பறவையின் அரைவைப்பையைத் திறந்து பார்த்தால், தேய்ந்து தட்டையாகிப் பொத்தான் வடிவத்துக்கு வந்துவிட்ட ரவைகள் கிடைக்கும்.

இது சேவலை விடப் பேட்டைத்தான் அதிகம் பாதிக்கிறது. பேடு அடைகாக்கத் தொடங்கியதும், ஜூன் மாதத்திலேயே, சேவல்கள் இறகுதிர்க்கக் கடலுக்குப் போய்விடுகின்றன. அவை நிலத்தில் இருப்பது ஆண்டில் சில வாரங்கள்தான். பேடு ஏறக்குறைய 24 நாள் தனியாக அடைகாத்து, குஞ்சு பொரித்தபின் அவற்றை அழைத்துக்கொண்டு அதே குளங்களில் ஏறத்தாழ ஐம்பது நாள் மேய்கிறது. கழிமுகத்தில் பேடுகளின் குருதியைச் சோதித்தபோது, அடைகாப்பதற்கு முன் இருந்ததைவிடக் குஞ்சு வளர்க்கும் காலத்தில் ஈயம் ஏறியவற்றின் பங்கு கூடியிருந்தது. 1990-களில் அங்கே செய்த ஆய்வில், ஈயத்துக்கு ஆளாகாத பேடுகளில் 78 விழுக்காடு அடுத்த ஆண்டு வரை பிழைத்திருக்க, ஆளானவற்றில் 44 விழுக்காடுதான் பிழைத்தன. அந்த இரண்டு எண்களையும் மாணவர்களிடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். நூறு பேடுகளில் மூன்று ஆண்டு கழித்து முதல் வகையில் 47 இருக்கும். இரண்டாம் வகையில் எட்டோ ஒன்பதோதான் இருக்கும். முதல் கூடு கட்டவே இரண்டு மூன்று வயதாகும் ஒரு பறவைக்கு, வளர்ந்த பேடுகளின் இழப்பு எவ்வளவு பெரியது என்பது அதிலிருந்தே விளங்கிவிடும்.

நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு 1991-இல் அமெரிக்கா முழுவதும் தடை வந்துவிட்டது. அதற்குப் பின்னும் தொலைவான பகுதிகளில் அது சில காலம் புழங்கியது. அதை விடவும், முன்பே குளங்களில் விழுந்து கிடந்தவற்றை எந்தச் சட்டமும் பொறுக்கி எடுக்க முடியாது.


ஆட்காட்டி எழுதியது:

மருத்துவர் ஐயா எழுதியது முழுவதும் எனக்கு உடன்பாடே. ஒரு சிறு எச்சரிக்கையை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஆய்வுகள் தொடங்கியபோது கழிமுகத்தின் வீழ்ச்சி பெரும்பாலும் நடந்து முடிந்திருந்தது. ஆகவே, 1970-களிலும் 80-களிலும் இறந்த பறவைகள் ஒவ்வொன்றுக்கும் ஈயத்தையே காரணமாக்கிவிட இயலாது. நேரடியாகச் சுடப்பட்டவையும், ஆர்க்டிக் நரியும் பெரிய கடற்காகங்களும் தின்ற முட்டைகளும் குஞ்சுகளும் அந்தக் கணக்கில் உண்டு. பேடு குளக்கரைக் கோரைப்புல்லுக்கு நடுவே, நீரிலிருந்து சில அடி தள்ளி, தன் மார்புத் தூவியைப் பரப்பி நான்கைந்து முட்டைகள் இடும். ஆள் மிக அருகில் வரும் வரை கழுத்தைத் தரையோடு ஒட்டி அசையாமல் கிடக்கும். பழுப்பு நிற உடலில், கண்ணைச் சுற்றிய மங்கிய வட்டம் ஒன்றுதான் கூர்ந்து பார்ப்பவருக்கு அதைக் காட்டிக்கொடுக்கும். அப்படி மறைந்திருந்தும் நரிகள் மிகுந்த ஆண்டுகளில் இழப்பு பெரிதாகவே இருக்கும். இருப்பினும், வளர்ந்த பேடுகள் நீண்ட நாள் வாழ்ந்தால் சில ஆண்டுகளின் முட்டை இழப்பை இந்த இனம் தாங்கிக்கொள்ளும். ஈயம் தாக்குவது அந்த வளர்ந்த பேடுகளைத்தான் என்பதால், மீள்வதைத் தடுத்த காரணம் என்று அதை எழுதுவது பொருத்தமாக இருக்கும்.

வேட்டையைப் பற்றி எழுதும்போது அங்கே வாழும் யூப்பிக் பழங்குடி மக்களைக் குற்றவாளிகளாகக் காட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நீண்ட குளிர்காலத்துக்குப் பின் வந்திறங்கும் வாத்துகளும் அவற்றின் முட்டைகளும் அந்தக் கழிமுகத்து மக்களுக்குப் பல தலைமுறைகளாக உணவு. அவர்களிடம் ஈய ரவையைக் கொண்டுவந்து விற்றது வெளியுலகம். எஃகு ரவைக்கு மாறுவதில் அந்த ஊர்களின் ஒத்துழைப்பு இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. அறிவிப்புக்குப் பிந்திய ஆண்டுகளில் கழிமுகத்தின் கூடுகள் மெல்லக் கூடின.


கொண்டலாத்தி எழுதியது:

மாணவர்களோடு உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் போகிறேன். கடைசியாக ஒன்றே ஒன்று. ஈயம் குறைந்துவிட்டால் இந்தப் பறவை பாதுகாப்பாகிவிட்டது என்று எழுதலாமா, அல்லது குளிர்காலக் கடலிலும் ஏதேனும் மாற்றம் நடக்கிறதா?


தாழைக்கோழி எழுதியது:

கடலில் மாற்றம் நடக்கிறது. அதனால் பாதுகாப்பாகிவிட்டது என்று எழுத வேண்டாம்.

ஈடர்கள் மேயும் அந்தத் தரையில் முன்பு ஒருவகை மட்டி மிகுந்திருந்தது. பின்னர் அது குறைந்து வேறொரு வகை மேலோங்கியது. 2001-ஐ ஒட்டி அங்கே பிடித்து ஆராய்ந்த பறவைகள் பெரும்பாலும் புதிய வகையையே தின்றிருந்தன. வகை மாறினால் மாறட்டும் என்று விட்டுவிட முடியாது. ஓட்டின் தடிமன், உள்ளே உள்ள சதையின் அளவு, புதைந்திருக்கும் ஆழம், ஒரு சதுர மீட்டரில் எத்தனை என்பவை அனைத்தும் நான் முன்பு சொன்ன வரவு செலவைத் தொடுகின்றன.

பனி குறைவது பறவைக்கு நல்லதுதானே, நீர் திறந்திருக்குமே என்று மாணவர்கள் நினைக்கக்கூடும். நடப்பது வேறு. மூழ்கி எழுந்த ஈடர் பனிப்பாளத்தின் மேல் ஏறி ஓய்வெடுக்கும்போது, நீரில் மிதந்துகொண்டிருப்பதை விடக் குறைவான சூட்டையே இழக்கிறது. பாளம் இல்லாவிட்டால் நாள் முழுவதும் குளிர்நீரில் மிதந்து, அலையையும் தாங்கி, அந்த இழப்பை ஈடுகட்டக் கூடுதலாக மூழ்க வேண்டியிருக்கும். பனி மிகுதியாகி முழுவதும் மூடிக்கொண்டாலும் மட்டி நிறைந்த தரைக்குப் போக வழியிருக்காது. பாளங்களும் இடைவெளிகளும் கலந்து கிடக்கும் கடல்தான் இதற்கு வேண்டும்.

2018, 2019 ஆகிய இரண்டு குளிர்காலங்களிலும் பெரிங் கடலில் பனி வழக்கத்துக்கு மாறாக மிகக் குறைவாக இருந்தது. 2018-இல், மீன்களைத் தெற்கிலேயே நிறுத்துவதாக நான் முன்பு சொன்ன அடிநீரின் கடுங்குளிர் ஏறத்தாழ இல்லாமலே போய், பொல்லாக், காட் மீன்கள் வடக்கே பெருமளவில் வந்தன. அந்த மீன்கள் நிலையாக வடக்கே தங்கினால், அவற்றைத் தொடர்ந்து மீன்பிடிக் கப்பல்களும் வர விரும்பும். வடக்கு பெரிங் கடலின் பெரும்பகுதியில் அடிமட்ட இழுவலைக்கு 2008 முதல் அனுமதி இல்லை. தரையைக் கீறி மட்டிப் படுகைகளைக் கலைத்துவிடும் அந்த வலைகள் ஈடரின் குளிர்காலப் பரப்புக்குள் நுழையாமல் இருப்பது இப்போதைக்கு அந்தத் தடையால்தான். அதைத் தளர்த்தச் சொல்லும் குரல் எழுந்தால், முதலில் கேட்க வேண்டியது அந்தத் தரையில் மட்டிகளின் நிலை என்ன என்பதையே. ஈய ரவையைப் பற்றி எழுதும் அளவுக்கு இந்தத் தடையைப் பற்றியும் உங்கள் இதழில் இடம் ஒதுக்குங்கள்.